நீட்டி வாசிக்க வேண்டிய சுரம்

1951, மார்ச் 6, செவ்வாய்

காலை முழுக்க ஸ்டூடியோவில் ஒரு கார்ட்டூன் படத்துக்கு இசைப்பதிவு. பூனை ஒன்று மாடிப்படியில் உருண்டு விழ வேண்டும். வயலின்காரர்கள் அத்தனை பேரும் அதனோடு சேர்ந்து உருண்டோம். பக்கத்து நாற்காலி சால், "புடாபெஸ்ட்ல நீ இதுக்குத்தானய்யா படிச்சே?" என்றான். தினமும் கேட்கிற கேள்விதான். தினமும் சிரிக்கிறேன்.

சாயங்காலம் வெர்னா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஆர்பி, என்னைப் போட்டுட்டாங்க."

"எதுல?"

"கடைசி பாலேல. க்ளைட் ரென்னிக்கோட. முழுக்க நான்தான்."

கதாநாயகிக்குக் காலில் நரம்பு பிசகிவிட்டதாம். ஹீரோ ரென்னிக் காண்கிற கனவில் வருகிற பெண் கதாநாயகியாகவே இருக்க வேண்டும் என்று என்ன சட்டம் என்று தயாரிப்பாளருக்குத் திடீரென ஞானம் பிறந்திருக்கிறது. எட்டு வருடமாகப் பின்வரிசையில் குரூப் டான்ஸராக ஆடுகிறாள் என் மனைவி. படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் அவள் தெரிவாள். இனி எல்லோருக்கும் தெரிவாள்.

கட்டிப்பிடித்துக்கொண்டேன். சமையலறையில் இருவரும் ஒரு சுற்று ஆடினோம், நான் அவள் காலை மிதித்தேன்.

சந்தோஷம்தான். எழுதியே வைக்கிறேன். சந்தோஷம்.

மார்ச் 9

சாப்பாட்டு மேஜையில் இப்போது மூன்று பேர். வெர்னா, நான், "க்ளைட் சொன்னார்".

மார்ச் 14, புதன்

க்ளைட் ரென்னிக்குக்கு நாற்பத்தாறு வயது என்று சால் சொல்கிறான். பத்திரிகையில் முப்பத்தெட்டு. பார்த்தால் நாற்பதுக்குள் இருக்கும். நடந்து வந்தாலே ஆடுகிற மாதிரி இருக்கும், பாவி. மழைக்கோட்டை நாற்காலியில் எறிந்தால் அதுகூட அழகாகப் போய் விழும். நான் எறிந்தால் தரையில் விழும்.

வெர்னாவின் ஸ்வெட்டரில் அவன் பூசுகிற எலுமிச்சை வாசனை. ஒத்திகையில் நாள் முழுக்கக் கட்டிப்பிடித்து ஆடினால் வாசனை ஒட்டாமல் என்ன செய்யும்? ஒட்டத்தான் செய்யும். தெரிகிறது. தெரிந்துகொண்டே அந்த ஸ்வெட்டரைத் துவைக்கிற கூடையின் அடியில் திணித்தேன். மறுபடி எடுத்து முகர்ந்தேன். ஐம்பதை நெருங்குகிற ஆள் செய்கிற காரியமா இது?

மார்ச் 19, திங்கள்

போயிருக்கக் கூடாது.

மதியம் பதிவு இல்லை. வெர்னா மறந்து வைத்துவிட்டுப் போன சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு ஒத்திகைக் கூடத்துக்குப் போனேன். கதவோரம் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. பியானோவில் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி எழுதுவது. அவள் கூடத்தின் மூலையிலிருந்து ஓடி வருகிறாள். அவன் அவளைத் தூக்குகிறான். சுற்றுகிறான். இறக்கி, ஒரு கையில் பின்னால் சாய்த்துப் பிடிக்கிறான். அங்கே இசை நிற்கிறது. ஒரே ஒரு சுரம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. இரண்டு பேரும் அசையவில்லை. முகத்துக்கு முகம். நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. பிறகு அவன் அவளை மறுபடி தலைக்கு மேலே தூக்குகிறான், முடிகிறது.

அந்த நேரத்தில் வெர்னாவின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். அவன் காதில் ஏதோ சொல்கிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான்.

என்ன சொல்கிறாள்?

டான்ஸ் மாஸ்டர் டெவ்லின் கைதட்டி, "இன்னொரு தடவை!" என்றார். இன்னொரு தடவையும் உதடு அசைந்தது.

சாண்ட்விச்சை நானே தின்றுவிட்டேன்.

மார்ச் 20

"இன்னைக்கு ஒத்திகை எப்படி?" என்றேன்.

"களைப்பா இருக்கு."

"ரென்னிக் ஆடும்போது பேசுவாரா?"

"யாரு, க்ளைடா? மூச்சே விடமாட்டார்." சிரித்தாள். சீக்கிரம் முடிந்துவிட்ட சிரிப்பு.

மார்ச் 22, வியாழன்

முதல் வயலின் வைஸ்மனுக்குக் குடல்வால் அறுவை. இரண்டு மாதம் வர மாட்டார். ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற ஹாஸ்கெல் என்னைக் கூப்பிட்டார். "பாலேல வர்ற தனி வயலினை நீங்க வாசிங்க. உங்க நாதத்துல கொஞ்சம் இருட்டு இருக்கு. எனக்கு அது வேணும்."

பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். ஒரு தடவைகூடத் தனியாக வாசித்ததில்லை.

வெர்னா குதித்தாள். "ஒரே படத்துல ரெண்டு பேரும்! படத்துல நான், பாட்டுல நீ!"

"ஆமா. உன் முகத்துக்கு அடியில நான்."

"என்னடா பேச்சு இது?" என்றாள்.

பிறகு தாளைப் பிரித்துப் பார்த்தேன். அந்த நீண்ட சுரம் யாருடையது என்று நினைக்கிறாய், ஆர்பி? உன்னுடையதுதான். மற்றவர்கள் எல்லாம் நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் கட்டிப்பிடித்து நிற்கிற நேரம் முழுக்க நீ ஒருவன்தான் வாசிக்கிறாய்.

மார்ச் 27

வீட்டில் பயிற்சி. குளியல் தொட்டியில் கிடந்தபடி கதவைத் திறந்துவைத்து வெர்னா கேட்கிறாள்.

"அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் நீட்டு, ஆர்பி."

நீட்டினேன்.

"இன்னும்."

"எதுக்கு இவ்ளோ?"

தண்ணீர்ச் சத்தம். "டெவ்லின் அப்படித்தான் கேக்கறார்."

டெவ்லின் அப்படிக் கேட்கவில்லை. டெவ்லினின் குறிப்பு என் தாளிலேயே பென்சிலில் இருக்கிறது, இவள் கேட்பதில் பாதிதான் அது. எட்டு வருடத்தில் வெர்னா என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவளுக்கு அது வரவேயில்லை.

மார்ச் 30

பத்திரிகையில் சினிமா வம்பு எழுதுகிற அம்மாள்: "நம் க்ளைடின் புதுக் கனவுக்கன்னி யார்? நெப்ராஸ்கா கோதுமை வயலிலிருந்து வந்த பொன்முடிக்காரி. ஒத்திகை முடிந்தும் ஒத்திகை நடக்கிறதாமே!"

சால் தாளை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான், நான் பார்க்கக் கூடாதென்று. நான் காலையிலேயே பார்த்துவிட்டேன்.

வெர்னாவிடம் கேட்டேன். "அந்தப் பொம்பளை எல்லாரைப் பத்தியும் எழுதுவா. போன வருஷம் அவரைக் குதிரையோட சேர்த்து எழுதினா" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சிரிக்க முடியவில்லை. கழுதை, சிரித்திருக்கலாம் அல்லவா?

ஏப்ரல் 3, செவ்வாய்

பதிவு.

படப்பிடிப்புக்கு முன்னாலேயே இசையைப் பதிவு செய்துவிடுவார்கள். செட்டில் அதை ஒலிக்கவிட்டுத்தான் ஆடுவார்கள். அதாவது இன்று நான் வாசித்தபடிதான் அவர்கள் ஆட முடியும். ஒரு இழை கூடவோ குறையவோ முடியாது. இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

முதல் டேக் சுத்தமாக வந்தது. நீட்டினேன், வெர்னா கேட்ட அளவு. இரண்டாவதில் செல்லோ ஒன்று இடறியது. மூன்றாவதுக்கு முன் டெவ்லினை யாரோ உடை விஷயமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது. அந்த இடம் வந்தது. வில்லை இழுக்கிறேன். கண்ணுக்கு முன்னால் அவன் கை, அவள் முதுகு, அசைகிற உதடு. நான் வாசித்து நான் அவர்களுக்கு நேரம் கொடுக்கிறேன் — எதுக்குடா கொடுக்கணும்? உன் பொண்டாட்டி இன்னொருத்தன் காதுல பேச நீ பின்னணி வாசிக்கறியா?

சட்டென முடித்துவிட்டேன்.

ஹாஸ்கெல் என் வில்லைப் பார்த்து மற்றவர்களை வாசிப்பில் சேர்த்தார். கேட்பவர்களுக்குத் தெரியாது. நன்றாகவே இருந்தது, அதுதான் கொடுமை. ஏதோ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

"இதுதான்! மூணாவதையே வச்சுக்கலாம்," என்றார் ஹாஸ்கெல். "செல்லோவும் இதுல அருமை."

வாய் திறக்க நேரம் இருந்தது. திறக்கவில்லை.

ஏப்ரல் 4

நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுத வேண்டும்.

ஏப்ரல் 10, செவ்வாய்

ஒத்திகையில் இன்றுதான் பதிவை ஒலிக்கவிட்டிருக்கிறார்கள். வெர்னா வந்து பையை வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டாள்.

"அந்தச் சுரம் ஏன் சின்னதா இருக்கு?"

"ஹாஸ்கெல் அந்த டேக்கை எடுத்துக்கிட்டார்."

பொய் இல்லை.

"டெவ்லின்கிட்ட கேட்டேன், கொஞ்சம் நீளமா வேணும்னு. 'நேத்துவரைக்கும் பின்வரிசை, இன்னைக்கு ஆர்கெஸ்ட்ராவையே மாத்தணுமா மகாராணிக்கு?'ன்னார். எல்லார் முன்னாடியும்."

"ரென்னிக் சொல்லலாமே. அவர் சொன்னா கேப்பாங்களே."

"அவரால சொல்ல முடியாது," என்றாள். அப்புறம், "சொல்லமாட்டார்," என்று திருத்திக்கொண்டாள். சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவமானப்பட்டு வந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அதற்கு அடியில் ஒரு சின்னக் குதூகலமும் இருந்தது. நான் எப்படிப்பட்ட ஆள்?

ஏப்ரல் 17, செவ்வாய்

வெர்னா விழுந்துவிட்டாள்.

பதிவுக் கூடத்துக்குச் சால் ஓடி வந்து சொன்னான். நான் போய்ச் சேர்ந்தபோது செட்டின் வெளியே ஒரு மரப்பெட்டிமேல் உட்காரவைத்திருந்தார்கள். வெள்ளி உடை முழங்கால்வரை கிழிந்திருந்தது. கணுக்கால் ரொட்டி போல வீங்கியிருந்தது. கடைசித் தூக்கலில். தலைக்கு மேலே போனவளை அவன் கை தாங்கவில்லை.

"அவன் கையை..." என்று ஆரம்பித்தேன்.

"வீட்டுக்குப் போகலாம்," என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 18

எலும்பு முறியவில்லை. பத்து நாளாவது ஓய்வு என்கிறார் டாக்டர். ஸ்டூடியோவில் வேறு பெண்ணைப் போடலாமா என்று பேச்சு. முன்வரிசையில் ஒரு சிவப்பு முடிக்காரி இருக்கிறாள், ஒத்திகையெல்லாம் பார்த்துப் பார்த்தே படித்துவைத்திருக்கிறாளாம்.

வெர்னா சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். கோழி சூப் வைத்தேன். அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 19, வியாழன்

அவன் வீட்டுக்கு வந்தான்.

தன் தோட்டத்துப் பம்பளிமாஸ் பழம் ஒரு பை நிறைய. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி. வெர்னாவின் சோபாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். ஆனால் பேச்சு என்னிடம்தான்.

"உங்க மனைவியைக் கீழ போட்டது நான். வந்து நேர்ல சொல்லணும்னு தோணிச்சு."

"விபத்துதானே," என்றேன். குரல் எனக்கே அன்னியமாக இருந்தது.

"இல்லீங்க. என்கிட்ட மூச்சு இல்ல." மார்பைத் தொட்டுக் காட்டினான். "போர்ல இருந்தப்ப சளிக் காய்ச்சல் வந்து ஒரு பக்க நுரையீரல் பாதி போச்சு. ஸ்டூடியோவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே என் கதை முடிஞ்சிடும். இவங்க கண்டுபிடிச்சிட்டாங்க, ரெண்டாவது நாளே. ஒருத்தர்கிட்டயும் மூச்சுவிடலை. உங்ககிட்டகூடச் சொல்லலைன்னு தெரியும், நான்தான் சத்தியம் வாங்கினேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் பம்பளிமாஸ் பை.

"அந்த நீண்ட சுரம் இருக்குல்ல? அதுலதான் நான் மூச்சு வாங்கிக்குவேன். இவங்க காதுல சொல்லிக்கிட்டே இருப்பாங்க. 'உள்ள இழுங்க, விடுங்க, இன்னும் ஒண்ணு, அவசரம் இல்ல, இப்போ'ன்னு. அவங்க 'இப்போ'ன்னு சொன்னாத்தான் தூக்குவேன். பதிவுல அந்த இடம் சின்னதாயிடுச்சு. யாரையும் குறை சொல்லலை, இசைன்னா அப்படித்தான். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். என் பேரைக் காப்பாத்திக்கப் பார்த்தேன். அடி பட்டது இவங்களுக்கு."

வெர்னா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தவன் என்னிடம் கை நீட்டினான். "நீங்க வாசிச்சது ரொம்ப அழகா இருந்தது. அதைக் கேட்டு ஆடறது ஒரு பாக்கியம்."

கை கொடுத்தேன். கொடுத்தேன்!

அவன் கார் திரும்புகிற சத்தம் கேட்டு அடங்கியபின் வெர்னா பேசினாள்.

"வீட்ல நீ வாசிச்சப்ப எவ்ளோ நீளம்னு எனக்குத் தெரியாதா, ஆர்பி?"

"வெர்னா..."

"ஒரு டேக் நீ நீளமா வாசிச்சதா சால் சொன்னான். அப்புறம் குறைச்சிருக்கே."

"நீ அவன் காதுல பேசறதைப் பாத்தேன். அந்தப் பத்திரிகைக்காரி வேற... எனக்கு..."

"என்னைக் கீழ போட்டது அவர் இல்ல," என்றாள். சத்தம் போடவில்லை. "நீதான்."

ஏப்ரல் 20

வெர்னாவின் அக்கா க்ளெண்டேலிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போனாள். நான் பெட்டியைத் தூக்கினேன். "வேண்டாம், நானே எடுத்துக்கறேன்," என்றாள் அக்கா. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 21

பம்பளிமாஸ் மேஜைமேல். தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

ஏப்ரல் 23, திங்கள்

ஹாஸ்கெலின் அறைக்குப் போனேன். ரென்னிக்கின் மூச்சு விஷயத்தை எப்படிச் சொல்லாமல் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் என்னைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"அந்தச் சுரத்தைத் தப்பா வாசிச்சிட்டேன். மறுபடி எடுக்கணும்."

"தப்பா? அற்புதமா இருந்ததே."

"வேணும்னே குறைச்சேன். டெவ்லின் அமைச்ச ஆட்டத்துக்கு அது பத்தாது. அதனாலதான் விழுந்தா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேணும்னா? ஏன்?"

"அந்த இடத்துல என் மனைவி அவர் கையில இருந்தா."

கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "எனக்கு மூணு கல்யாணம் ஆச்சு, தெரியுமில்ல? மூணு பேரும் யாரோ ஒருத்தனோட போனாங்க. ஒருத்திக்காகக்கூட நான் தாளத்தை மாத்தினதில்ல."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"வியாழக்கிழமை பதிவுல கடைசியில கொஞ்சம் நேரம் மிஞ்சும். அதுல எடுத்துக்கலாம். டெவ்லின்கிட்ட நானே பேசறேன், என் தப்புன்னு சொல்றேன். உங்களைக் காப்பாத்த இல்ல, அந்தப் பொண்ணுக்காக." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதுக்கப்புறம் என் கைக்குக் கீழ நீங்க தனியா வாசிக்கப் போறதில்ல. புரியுதா?"

புரிந்தது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது.

க்ளெண்டேலுக்குப் போன் செய்தேன். அக்கா எடுத்தாள். "வியாழக்கிழமை மறுபடி வாசிக்கிறேன்னு சொல்லுங்க." "சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 26, வியாழன்

எல்லோரும் வயலினை உறையில் போடத் தயாராக இருந்தார்கள். "பத்து நிமிஷம் பொறுங்க," என்றார் ஹாஸ்கெல். முணுமுணுப்பு. சால் மட்டும் என் பக்கம் பார்க்காமல் தாளைத் திருப்பினான்.

வாசித்தேன். அந்த இடத்தில் அவள் சொல்வதை நான் மனதுக்குள் சொன்னேன். உள்ளே இழு. விடு. இன்னும் ஒன்று. அவசரம் இல்லை. வில் முடியப் போகிறது, அந்த மனிதனுக்கு இன்னும் மூச்சு வரவில்லை என்று வைத்துக்கொள். இப்போ.

ஒரே டேக். ஹாஸ்கெல் கோலை வைத்துவிட்டு, "நன்றி," என்றார். எல்லோருக்கும் சேர்த்து.

ஏப்ரல் 30

சிவப்பு முடிக்காரியைப் போடவில்லை. வெர்னா வரும்வரை தானும் செட்டுக்கு வரப்போவதில்லை என்று ரென்னிக் சொல்லிவிட்டாராம். ஆர்கெஸ்ட்ரா முழுக்க இதே பேச்சு. "என்னவோ இருக்குய்யா ரெண்டு பேருக்கும்," என்று ட்ரம்பெட்காரன் சொன்னான். நான் கேட்கிற தூரத்தில்தான்.

எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் குத்துகிறது. தெரிந்தால் போய்விடும் என்று நினைத்தேன்.

மே 9, புதன்

நேற்று படப்பிடிப்பு முடிந்தது. கணுக்காலில் கட்டு, அதற்கு மேல் வெள்ளித் துணி. கடைசித் தூக்கல் முதல் டேக்கிலேயே நின்றதாம். செட்டில் எல்லோரும் கைதட்டினார்களாம். சால் சொன்னான்.

இன்று மாலை வெர்னா வந்தாள். "என் மழைக்கோட்டு இங்க இருக்கு," என்றாள். நான் பாப்ரிகா மிளகாய்ப்பொடி போட்டு மாட்டிறைச்சி வேகவைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். உப்பு அதிகம் என்றாள். சோபாவில் தூங்கிவிட்டாள்.

மே 11

அவள் பெட்டி இன்னும் அவள் ஓட்டி வந்த காரிலேயே இருந்தது. காலையில் நானே போய் எடுத்துவந்து வைத்தேன். பார்த்தாள். திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

மே 20

"மன்னிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"மாடிப்படி இறங்கும்போது இன்னும் வலிக்குது," என்றாள்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

பாசடீனாவில் முன்னோட்டக் காட்சி. பெயர் போடாமல், விளம்பரம் இல்லாமல், சும்மா வந்த ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பின்வரிசையில் நானும் வெர்னாவும்.

பாலே வந்தது. திரை முழுக்க அவள். இவ்வளவு பெரிதாக அவளை நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் இந்த முகத்தைப் பின்வரிசையில் வைத்திருந்தார்களே என்று கோபம் வந்தது. பிறகு அந்த இடம். வயலின். சாய்ந்து நிற்கிறார்கள். உதடு அசைவது தெரிகிறது. பாதித் தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெண் தோழியிடம் குனிந்து, "நிஜத்துலயும் இவங்க ரெண்டு பேருக்கும் ஏதோ இருக்குடி, நடிச்சா இப்படி வராது," என்றாள்.

வெர்னா இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

சிரித்தேன். ஆனால் எனக்கு எரிந்தது. அவள் சொல்வது 'மூச்சு விடுங்க' என்று தெரிந்தே எரிந்தது. ஒருவனுடைய மூச்சு இன்னொருத்தி சொல்லில் நிற்கிறது. காதலில்கூட அவ்வளவு நெருக்கம் உண்டா என்ன? என் மூச்சை யாரும் அப்படிக் கவனித்ததில்லை. நானும் யாருடையதையும் கவனித்ததில்லை.

காரில் வரும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். எரிந்தது என்று, அப்படியே. "இதை ஏப்ரல்ல சொல்லியிருந்தா என் கால் நல்லா இருந்திருக்கும்," என்றாள். பிறகு, "பரவாயில்ல. இப்பவாவது சொன்னியே."

செப்டம்பர் 12

க்ளைட் ரென்னிக் இனி ஆடப்போவதில்லை என்று பத்திரிகையில். ஓஹாயில் பண்ணை வாங்கியிருக்கிறாராம், குதிரை வளர்க்க. அந்த வம்பு அம்மாள் இதற்கும் ஒரு பெண்ணைக் காரணமாக எழுதியிருக்கிறாள்.

வைஸ்மன் திரும்பி வந்து நாலு மாதமாகிறது. நான் மூன்றாவது வரிசையில். சாலுக்கும் பின்னால்.

நவம்பர் 11, ஞாயிறு

வெர்னா சிகாகோவில். மேடை நாடகம், அவள்தான் முதல் டான்ஸர். வசந்தம்வரை அங்கேதான். ஸ்டேஷனில் பெட்டியை நான் ஏற்றினேன், இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

ஞாயிறு மாலை போன் செய்வாள். இன்று பனி கொட்டுகிறதாம், கம்பளிச் சாக்ஸ் அனுப்பச் சொன்னாள். பிறகு தானாகவே ஆரம்பித்தாள்.

"புதுசா ஒரு பையன் வந்திருக்கான் என்கூட ஆட. இருபத்தாறு வயசு. கல்லு மாதிரி உடம்பு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் தூக்கிப் பிடிச்சிட்டு நிப்பான்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. காத்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரிந்தது.

"அழகா இருப்பானா?" என்றேன்.

"ரொம்ப."

"எனக்கு இப்பவே வயிறு எரியுது, வெர்னா."

"எரியட்டும்," என்றாள். சிரிப்பு சத்தமாகவே கேட்டது. "அடுத்த வாரம் உனக்கு லீவு கிடைக்குமா? ரயில் நேரம் பாத்து வச்சிருக்கேன்."